பினாங்கில் நல்ல பேக்கரி எங்கே? (மனைவி முட்டை சாப்பிட மாட்டார்)

ஜூன் 2, காலை 11.20 | கேள்வி

கோயம்புத்தூரிலிருந்து எழுதுகிறேன். இந்த மாதம் 19ஆம் தேதி நானும் மனைவியும் மூன்று நாள் பினாங்கு வருகிறோம். எந்த ஊருக்குப் போனாலும் கோயில், கடற்கரை எல்லாம் அப்புறம்தான், எனக்கு முதலில் பேக்கரி. தேடிப் பார்த்தால் நாற்பது பெயர் வருகிறது, பாதி காபிக் கோப்பைப் படம். மலேசியாவில் பேக்கரி என்றால் வெறும் இனிப்பு பிரெட்தான், ஊட்டி வர்க்கிக்கும் தூத்துக்குடி மக்ரூனுக்கும் பக்கத்தில்கூட வராது என்று நண்பர் ஒருவர் அடித்துச் சொல்கிறார். உண்மையா? மனைவி முட்டை சாப்பிட மாட்டார், நான் எல்லாம் சாப்பிடுவேன். கடைப் பெயரும் தெருவும் போதும்.

ஜூன் 2, இரவு 10.40

பெயரும் தெருவும் போதாது தம்பி, நேரமும் வேண்டும். உங்கள் நண்பர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் அநேகமாக ராத்திரி எட்டு மணிக்கு ஏதாவது ஒரு பேரங்காடிக்குள் நுழைந்து, பிளாஸ்டிக் பைக்குள் வேர்த்துக் கிடந்ததை வாங்கித் தின்றுவிட்டு ஊருக்கே தீர்ப்பு எழுதியிருப்பார்.

நான் பினாங்கின் தொழிற்பேட்டைப் பகுதியான பாயான் லெப்பாஸில் பத்தொன்பது வருடம் இரவு வேலை பார்த்தவன். கம்பெனி பஸ் காலை ஏழரைக்கு என்னை இறக்கிவிடும், தூங்கி எழுந்தால் மத்தியானம் இரண்டரை. இந்த இரண்டு நேரத்திலும் எனக்குப் பசிக்கும். எங்கள் பக்கத்தில் எந்த அடுப்பு எப்போது திறக்கும் என்பது சம்பளத் தேதி மாதிரி மனப்பாடம் ஆனது அப்படித்தான். குடியிருப்புப் பகுதிகளில் இருக்கும் பழைய ரொட்டிக்கடைகள் காலையில் ஒரு தடவை சுடும், மத்தியானத்துக்கு மேல் இன்னொரு தடவை சுடும். இரண்டாவதுதான் பெரியது, ஏனென்றால் மாலைத் தேநீருக்கு வீட்டுக்கு வீடு வாங்குவார்கள், மோட்டார் சைக்கிளில் வீடு வீடாக ரொட்டி விற்கும் ரொட்டி மோட்டார்க்காரர்களும் அப்போதுதான் வந்து பெட்டியை நிரப்புவார்கள். மூன்று மணிக்குப் போனால் தட்டு இன்னும் சுடும். அதே பன்னை ராத்திரி எட்டுக்கு வாங்கினால் உங்கள் நண்பர் சொல்வது நூற்றுக்கு நூறு சரி.

ஆக என் பதில்: கடைப் பட்டியலைத் தூக்கிப் போடுங்கள். தங்கும் இடத்தில் வேலை செய்கிறவரிடம் கேளுங்கள், "நீங்கள் உங்கள் வீட்டுக்கு எங்கே ரொட்டி வாங்குவீர்கள், எத்தனை மணிக்கு?" என்று. நல்ல கடை எது என்று கேட்டால் சுற்றுலாக்காரருக்கான பதில்தான் வரும், எனக்கே அப்படித்தான் சொல்வார்கள்.

ஜூன் 3, காலை 8.05

ராத்திரி எழுதியதைப் படித்தேன். பெரிய ஞானி மாதிரி பேசியிருக்கிறேன். மூன்று நாளுக்கு வருகிறவர் எந்த அடுப்பு எப்போது திறக்கும் என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருக்க முடியாது. சரி, மாலை பட்டியல் தருகிறேன்.

ஜூன் 3, மாலை 6.30

முதலில் ரொட்டி பெங்காளி. இதைச் சாப்பிடாமல் ஊர் திரும்பினால் நீங்கள் பினாங்குக்கு வரவில்லை, விமான நிலையம்தான் பார்த்தீர்கள். டிரான்ஸ்ஃபர் சாலையில் மாலியா பேக்கரி, 1928இல் தொடங்கிய இந்திய முஸ்லிம் ரொட்டிக்கடை. பழைய ஆட்கள் இன்னும் இஸ்மாலியா என்பார்கள். வெளியே பார்க்கப் பெரிய அலங்காரம் எதுவும் கிடையாது, காபிக் கோப்பைப் படத்துக்கு வழி இல்லை.

ரொட்டி எப்படி இருக்கும் என்றால், தட்டில் ஒன்றோடொன்று முட்டி நிற்கும்படி மாவை வைத்துச் சுடுவார்கள். அதனால் மேல்பக்கம் மட்டும் கருஞ்சிவப்பாகத் தோல் கட்டும், பக்கவாட்டில் வெளுப்பாகவே இருக்கும். பிரித்தெடுத்தால் பஞ்சு பிய்ந்த மாதிரி நார்நாராக வரும். அந்தப் பிய்ந்த பக்கத்தை விரலால் லேசாக அமுக்கிப் பாருங்கள், மெல்ல மேலே எழுந்து வரவேண்டும். எழுந்தால் இன்றைய ரொட்டி. பள்ளம் அப்படியே நின்றால் நேற்றையது, அல்லது இன்னும் சூடு ஆறாமல் உள்ளே ஆவி நிற்கிறது. சூட்டோடு வெட்டச் சொல்லாதீர்கள், கத்தியில் பசை மாதிரி ஒட்டும். முழுசாக வாங்கி அரைமணி நேரம் பையின் வாயைத் திறந்து வைத்துவிட்டு அப்புறம் வெட்டுங்கள்.

எதோடு சாப்பிடுவது? எங்கள் வீட்டில் மீன் கறியோடு. இட்லிக்குச் சாம்பார் எப்படியோ இதற்கு நேற்று வைத்த கறி அப்படி. உங்கள் மனைவிக்குப் பருப்புக் கறி. இனிப்பாக வேண்டும் என்றால் காயா, அதாவது எங்கள் ஊர்த் தேங்காய்ப்பால் ஜாம், தடவி இரண்டு பேரும் சாப்பிடலாம்.

அடுத்தது தோ சூன். கெம்பல் வீதியை ஒட்டிய சந்தில் நாலு மேசை போட்ட கோப்பிக்கடை. பழைய எண்ணெய் டிரம்மை அடுப்பாக்கி, கரியில் ரொட்டி வாட்டுவார்கள். கருகிய இடத்தைக் கத்தியால் சுரண்டிவிட்டு வெண்ணெய், காயா. பேக்கரி இல்லையே என்பீர்கள், பரவாயில்லை, ரொட்டிக்கு மறுபிறவி அங்கேதான். வரிசை இருக்கும், காலையிலேயே போங்கள்.

மூன்றாவது தாவ் சார் பியா, பருப்புப் பூரணம் வைத்த சீனப் பலகாரம், ஜாலான் பர்மாவில். அதற்குத் தனியாக எழுத வேண்டும்.

நான்காவது சைனா ஹவுஸ், லெபோ பந்தாயில். மூன்று பழைய கட்டடங்களைச் சேர்த்து அந்தத் தெருவிலிருந்து பின் தெரு வரை நீளமாகப் போகும் கஃபே. நடுவில் ஒரு நீண்ட மேசை முழுக்கக் கேக்குகள், ஒவ்வொன்றும் செங்கல் அளவு. விலையும் அதற்கேற்ப. நான் வருடத்துக்கு ஒரு தடவை போவேன், அதுவும் தங்கச்சி மகள் கூப்பிட்டால். இரண்டு பேருக்கு ஒரு துண்டு போதும். முட்டை சாப்பிடுவது நீங்கள் ஒரு ஆள்தான் என்பதால் நடந்து செரிக்க வைக்க வேண்டும்.

ஜூன் 3, இரவு 11.15

திருத்தம், அவசரமாக. காயா இரண்டு பேரும் சாப்பிடலாம் என்று மேலே எழுதிவிட்டேன். காயாவே முட்டைதான்! தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை, பாண்டான் இலை, இவ்வளவுதான் அது. ஐம்பது வருடமாகச் சாப்பிடுகிறேன், எங்கள் வாயில் அது ஜாம் என்றே பதிந்துவிட்டது. பழுப்போ பச்சையோ, எந்த நிறமானாலும் முட்டை இருக்கும். மனைவிக்கு வெண்ணெயும் சர்க்கரையும் தூவித் தரச் சொல்லுங்கள், அதுவும் இங்கே பழைய பழக்கம்தான். மன்னிக்க வேண்டும்.

அதேபோல் ஆப்பம். இங்கே அபோம் என்பார்கள், பெயர் நம்மிடமிருந்து போனதுதான். ஆனால் தெருவில் சுடுகிறவர்கள் மாவிலேயே முட்டை அடித்து ஊற்றுவது உண்டு. பெயரைப் பார்த்து நம்ம ஊர் ஆப்பம் என்று வாயில் வைத்துவிட வேண்டாம்.

ஜூன் 5, மதியம் 1.10

முட்டை விஷயத்தில் என் சொந்த அனுபவம் ஒன்று. தைப்பூசத்துக்கு விரதம் இருந்தபோது அம்மாவின் பிறந்த நாளும் சேர்ந்து வந்தது. ஒரு கடைக்குப் போய் முட்டை இல்லாத கேக் வேண்டும் என்று கேட்டேன். பெயர் சொல்லமாட்டேன், ஊரே போகிற கடை. "ஆடா தெலூர் தாக்?" என்று மலாயில் தெளிவாகத்தான் கேட்டேன். அந்தப் பெண் கண்ணாடிக்குள் குனிந்து பார்த்துவிட்டு இல்லை என்று தலையாட்டினாள். வீட்டுக்கு வந்து வெட்டினால் நல்ல மஞ்சளாகப் பஞ்சு கேக். மறுநாள் போய்க் கேட்டபோதுதான் புரிந்தது, உப்பு முட்டை வைத்த கேக்கா என்று நான் கேட்பதாக அவள் எடுத்துக்கொண்டிருக்கிறாள். அந்தச் சமயம் எல்லாவற்றிலும் உப்பு முட்டை போடும் மோகம் நடந்துகொண்டிருந்தது. அவள்மேல் தப்புச் சொல்ல முடியவில்லை, அம்மாதான் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

எனவே முழுசாகக் கேளுங்கள்: "டாலாம் அடுனான் ஆடா தெலூர் தாக்?" மாவுக் கலவைக்குள் முட்டை இருக்கிறதா என்று அர்த்தம். இதைக் கேட்டால் அவர்கள் சமையல்கட்டுப் பக்கம் திரும்பிப் பார்ப்பார்கள். திரும்பிப் பார்த்தால் கேள்வி போய்ச் சேர்ந்துவிட்டது.

பன்களில் இன்னொரு சிக்கல். மாவில் முட்டை இல்லாவிட்டாலும் மேலே பளபளப்புக்கு முட்டை பூசியிருப்பார்கள். பளபளப்பே இல்லாத மங்கலான மேல்தோல் உங்கள் பக்கம்.

அப்புறம் ஹலால் முத்திரை இருந்தால் சைவத்துக்கு ஆகும் என்று நினைக்கிறவர்கள் நிறைய பேர். ஆகாது. பன்றியும் மதுவும் இல்லை, இஸ்லாமிய முறைப்படி ஆனது என்பதற்குத்தான் அது உத்தரவாதம். ஹலால் ஜெலட்டின் பெரும்பாலும் மாட்டிலிருந்து வருவது. மேலே கண்ணாடி மாதிரி மினுங்கும் பழக் கேக், ஆடுகிற மூஸ், இவற்றை விட்டுவிடுங்கள். சீனர்களின் சைவக் கடைகளில் கேட்பது சுலபம், அவர்களின் ஹொக்கியன் மொழியில் "சியா சாய்" (சைவம்) என்றால் போதும். அவர்கள் வெங்காயம், பூண்டுகூடப் போடமாட்டார்கள், ஆனால் முட்டை சிலர் சேர்ப்பார்கள், அதனால் அங்கேயும் அந்தக் கேள்வி உண்டு.

ஜூன் 5, மதியம் 1.40

ஐயங்கார் பேக்கரி மாதிரி இங்கே உண்டா என்று தனியாகக் கேட்டிருந்தீர்கள். அந்த வகையில், முட்டையே உள்ளே வராத பேக்கரி, பினாங்கின் நகரமான ஜார்ஜ் டவுனில் நான் பார்த்ததில்லை. லிட்டில் இந்தியாவில் பலகாரக் கடைகள் இருக்கின்றன. ஆனால் லட்டுவும் ஜிலேபியும் கோவைக்காரருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஜூன் 7, இரவு 9.50

தாவ் சார் பியா. எழுதுகிறேன் என்று சொல்லி நாலு நாள் ஆயிற்று.

உள்ளங்கைக் குழியில் அடங்கும் உருண்டை, சிலர் இன்னும் சின்னதாகச் செய்வார்கள். வெளியே அடுக்கடுக்கான மெல்லிய ஓடு, உள்ளே பாசிப்பருப்பு. பருப்பை வேகவைத்து மசித்து, சர்க்கரை, உப்பு, பொரித்த சின்ன வெங்காயம் சேர்த்துக் கிளறிய பூரணம். நம்ம ஆட்களுக்கு முதல் தடவை குழப்பமாக இருக்கும், நாக்கு சுகியன் என்று நினைத்து ஆரம்பிக்கும், பாதியில் மிளகும் வெங்காயமும் வந்து பருப்பு வடை என்று சொல்லும். எனக்கு அந்தக் குழப்பம்தான் பிடிக்கும். கீ ஹியாங் 1856இல் தொடங்கிய கடை, நல்லெண்ணெய்க்கும் பெயர் போனவர்கள். ஹிம் ஹியாங் ஜாலான் பர்மாவிலேயே இருக்கிறது. இரண்டில் எது பெரியது என்று பினாங்குக்காரர்களிடம் கேட்டால் குடும்பம் இரண்டாகும். நான் ஹிம் ஹியாங் கட்சி. என் மனைவி கீ ஹியாங். வீட்டில் இரண்டு டப்பா வாங்குவோம்.

அந்த ஓடு எப்படி அடுக்கடுக்காக வருகிறது என்று ஒரு நாள் பக்கத்து வீட்டு ஆண்டி செய்து காட்டினார். இரண்டு மாவு. ஒன்று தண்ணீர் விட்டுப் பிசைந்தது, இன்னொன்று கொழுப்பு மட்டும் விட்டுப் பிசைந்தது, ஈர மணல் மாதிரி இருக்கும். தண்ணீர் மாவுக்குள் கொழுப்பு மாவை வைத்து மூடி, தேய்த்து, சுருட்டி, திரும்பத் தேய்த்து, திரும்பச் சுருட்டுவார். சுருளை வெட்டினால் உள்ளே நத்தை ஓடு மாதிரி வட்டம் வட்டமாகத் தெரியும். சூட்டில் தண்ணீர் மாவு ஆவி விட்டு உப்பும், நடுவில் இருக்கும் கொழுப்பு அடுக்குகளை ஒட்டவிடாது. பார்த்துக்கொண்டிருந்தபோதே எனக்குச் சுருக்கென்றது, இது கரிபாப் பூசிங் அல்லவா! மலாய்க்காரர்கள் சந்தையில் விற்கும் சுருள் கறிபஃப் இதே இரண்டு மாவு, இதே சுருட்டு. ஒன்றைச் சுடுகிறார்கள், ஒன்றைப் பொரிக்கிறார்கள். ஒன்றில் பாசிப்பருப்பு, ஒன்றில் மசாலா உருளைக்கிழங்கு. உங்கள் வர்க்கியும் இந்த வம்சம்தான் என்று சந்தேகப்படுகிறேன்.

முக்கியமான எச்சரிக்கை: அந்தக் கொழுப்பு, பழைய முறையில் பன்றிக் கொழுப்பு. இப்போது தாவர எண்ணெயில் செய்பவர்களும் உண்டு. கடைக்குக் கடை கேட்டுத்தான் வாங்க வேண்டும், டப்பாவில் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும். பல கடைகளில் மேலே முட்டை பூசுவதும் உண்டு. ஆக உங்கள் மனைவிக்குப் பெரும்பாலும் இது இல்லை. கரிபாப் பூசிங், உருளைக்கிழங்கு போட்டது, கேட்டுவிட்டு வாங்கினால் அவருக்கு ஆகும். சிலர் உள்ளே கால் துண்டு அவித்த முட்டை ஒளித்து வைப்பார்கள், ஜாக்கிரதை.

ஜூன் 8, காலை 7.30

மிளகுத் தகராறு. நேற்று தாவ் சார் பியாவில் மிளகு வருகிறது என்று எழுதியதை மனைவி பார்த்துவிட்டார், "அது நீங்கள் கட்சி கட்டும் கடைக்கு மட்டும்" என்கிறார். ஓடு முறிந்தால் பட்டும்படாமல் ஒரு காரம் எனக்குத் தெரிகிறது. சண்டை தொடர்கிறது.

ஜூன் 10, மாலை 5.20

பெங்காளி என்ற பெயர் எப்படி வந்தது, வங்காளிகள் செய்ததா என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி, ஊரிலேயே பாதிப்பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். இங்கே சொல்லப்படும் கதை வேறு: அந்த ரொட்டிக்கடையை ஆரம்பத்தில் பலர் பங்கு போட்டு நடத்தினார்கள், அதனால் பங்காளி ரொட்டி, மலாய் வாயில் அது பெங்காளி ஆனது என்பது. தமிழ்ச் சொல் ஒன்று பினாங்கின் பெயர்பெற்ற ரொட்டிக்குள் ஒளிந்திருக்கிறது என்றால் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆனால் பங்காளிகள் சேர்ந்து ஒரு கடையை இவ்வளவு காலம் நடத்தினார்கள் என்பதை நம்புவதற்குத் தமிழர் யாரும் தயாராக இருக்கமாட்டார்கள். எங்கள் பங்காளிகள் ஒரு கிணற்றையே நடத்தவில்லை.

ஜூன் 11, இரவு 8.00

பெங்காளி பற்றி இரண்டாவது யோசனை. மலாய்க்காரர்கள் பழைய காலத்தில் சீக்கியர், வடக்கத்தியர் எல்லாரையும் சேர்த்து பெங்காளி என்றே கூப்பிட்டார்கள், என் தாத்தா காலத்து ஆட்கள் இன்னும் சொல்வார்கள். அதனால் பெயர் அந்த வழியிலும் வந்திருக்கலாம் என்று வேலையிடத்து மலாய் நண்பர் மடக்கினார். அதற்கும் பதில் சொல்ல வாய் வரவில்லை. மனசு பங்காளி பக்கம், பந்தயம் கட்டமாட்டேன்.

ஜூன் 13, இரவு 11.30

குரோசான் பற்றி எதுவும் சொல்லவில்லையே என்று கேட்கிறீர்கள். சொல்லவில்லை, ஏனென்றால் எனக்கு அதில் ஒரு வீம்பு இருந்தது. ஜார்ஜ் டவுனுக்கு 2008இல் யுனெஸ்கோ பாரம்பரியத் தகுதி கிடைத்ததிலிருந்து பழைய கடைவீடுகள் ஒவ்வொன்றாகக் கஃபே ஆயின. புளித்த மாவு ரொட்டி, குரோசான், வெள்ளைச் சுவர், ஒரு செடி. நமக்கென்ன என்று கடந்து போய்க்கொண்டிருந்தேன். போன வருடம் மழைக்கு ஒதுங்கி ஒன்றுக்குள் நுழைந்து, ஒதுங்கியதற்கு மரியாதையாக ஒரு குரோசான் வாங்கினேன். வாய் அடைத்துப்போனது. அன்றிலிருந்து மாதம் ஒரு தடவை, வீட்டில் சொல்லாமல்.

சுடுகிற பையன் சொன்னதுதான் எனக்குக் கண்ணைத் திறந்தது. வெண்ணெய் 32 டிகிரிக்குமேல் போனாலே உருக ஆரம்பித்துவிடும், பினாங்கில் மத்தியான வெயிலே அவ்வளவு. மாவுக்குள் வெண்ணெயை மடித்து மடித்து அடுக்கும்போது அது உருகினால் அடுக்கு இல்லை, எண்ணெய் குடித்த பன்தான். ஆகவே மாவு தேய்க்கும் அறைக்கு மட்டும் நாள் முழுக்க ஏர்கான். நாம் கொடுக்கும் காசில் பாதி மின்சாரக் கட்டணம் என்று சிரித்தான். பழைய ரொட்டிக்கடைகள் ஏன் மார்ஜரின் பக்கம் போயின என்பதும் எனக்கு அப்போது புரிந்தது: விலை குறைவு மட்டும் காரணம் இல்லை, அது இந்தச் சூட்டிலும் கெட்டியாக நிற்கும். ஆனால் நம் வாய்ச்சூட்டிலும் முழுசாகக் கரையாது. தின்று முடித்தபிறகு மேலண்ணத்தில் மெழுகு மாதிரி ஒரு படலம் நிற்கிறதா, அது மார்ஜரின். சுத்தமாகக் கரைந்து போனால் வெண்ணெய். விலை எழுதிய அட்டை என்ன சொன்னாலும் நாக்கு பொய் சொல்லாது.

இதற்கும் நேரம் உண்டு. காலை ஒன்பது, பத்துக்குள் வாங்க வேண்டும். எங்கள் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம், மத்தியானத்துக்குள் ஓடு தொய்ந்துவிடும். ஆக, பழைய ரொட்டிக்கடைக்கு மாலை மூன்று, புதிய கஃபேக்குக் காலை ஒன்பது. குரோசான் மேலேயும் முட்டைதான் பூசுகிறார்கள், மனைவிக்கு ஆகாது. பாவம், அவருக்கு நான் ஒன்றும் தரவில்லை போலிருக்கிறது. யோசிக்கிறேன்.

ஜூன் 14, காலை 9.15

யோசித்துவிட்டேன். ரொட்டி மோட்டார்.

இவ்வளவு எழுதிவிட்டு இதை விட்டேனே. மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் ஒரு தகரப் பெட்டி, கண்ணாடி போட்ட கதவு, அதைச் சுற்றி மாலை மாலையாகப் பொட்டலங்கள் தொங்கும்: பன், கச்சான் (வேர்க்கடலை), முறுக்கு, சிப்ஸ், இழுத்துக் கட்டிய ரப்பர் வளையம். "பாம் பாம்" என்று ஹாரனை அமுக்குவார். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அந்தச் சத்தம் கேட்டால் வீட்டுப்பாடம், சண்டை, குளியல் எல்லாம் நடுவில் நிற்கும், துண்டோடு ஓடிய நாள்கூட உண்டு. பெரும்பாலும் தமிழர்தான் ஓட்டுவார், நம்ம முஸ்லிம் ஆட்கள் நிறைய. கதவைத் திறந்து ஒரு பலகையை இழுத்து வைத்து, முழு ரொட்டியை நிறுத்தி, நீளக் கத்தியால் கேட்ட கனத்துக்கு அறுப்பார். அறுக்கும்போது ரொட்டியை அமுக்கமாட்டார், கத்தி தன் பாட்டுக்கு முன்னும் பின்னும் போகும். எங்கள் தெருவுக்கு வந்தவர் மார்ஜரினை ஓரம் வரை தடவுவார், நடுவில் மட்டும் தடவி மூடும் வேலையெல்லாம் அவரிடம் கிடையாது. அம்மா அதற்காகவே அவரை மட்டும்தான் நிறுத்துவார். காசு இல்லாத நாளில் அவரிடம் ஒரு சின்ன நோட்டு இருக்கும், பெயர் எழுதமாட்டார், வாசல் கதவின் நிறத்தை எழுதிக்கொள்வார். எங்கள் வீடு "பச்சை".

உங்கள் மனைவிக்கு இது ஏன் நல்லது என்றால், அவரிடம் தமிழிலேயே கேட்கலாம். எந்த பன்னில் முட்டை, எதில் இல்லை, எந்தக் கடையில் எடுத்தது, எத்தனை மணிக்குச் சுட்டது, எல்லாம் அவருக்குத் தெரியும். கண்ணாடிக் கதவுக் கடையில் இந்தப் பதில் கிடைக்காது. மாலை நாலரை முதல் ஆறு வரை, குடியிருப்புப் பக்கம். ஜார்ஜ் டவுனுக்குள் இப்போது குறைவு. தேடிப் போகாதீர்கள், காதைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 16, இரவு 10.00

சின்னச் சின்னது:

நகருக்குள் இலவச கேட் பஸ் ஓடுகிறது, கொம்தார் கட்டடத்திலிருந்து ஏறலாம், பேக்கரிக்குப் பேக்கரி டாக்சி எடுக்காதீர்கள். பழைய கடைகள் வாரம் ஒரு நாள் அடைப்பு, எந்த நாள் என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். ரொட்டியை விடுதிக் குளிர்பெட்டியில் வைக்கவே கூடாது, குளிரில் ரொட்டி சீக்கிரம் விறைத்துப் போகும், மேசைமேல் பையோடு கிடந்தாலே மறுநாள் மென்மையாக இருக்கும். வாங்கும்போது "தாப்பாவ்" என்றால் கட்டிக்கொடுப்பார்கள். ரிங்கிட் என்று நம் ஆட்களிடம் கேட்காதீர்கள், வெள்ளி என்றால்தான் எங்களுக்குக் காது கேட்கும்.

ஜூன் 20, இரவு 11.45

கோவைத் தம்பியும் மனைவியும் வந்துவிட்டார்கள், இன்று மாலை பார்த்தேன். என் திட்டம் எப்படிப் போனது என்று எழுதிவிடுகிறேன், யாராவது இதை நம்பி வரலாம்.

முதல் நாள் விமானம் தாமதம், மூன்று மணி அடுப்பு போயிற்று. மாலை முழுக்க மழை. இரண்டாம் நாள் காலை கோப்பிக்கடை வரிசையில் நாற்பது நிமிடம். தம்பி இரண்டு தட்டு தின்றார், அவர் மனைவி வெண்ணெய் சர்க்கரையோடு. அவருக்குச் சர்க்கரை ரொட்டி பிடித்துவிட்டது, இவருக்குக் காயா திகட்டிவிட்டது. குரோசானுக்குப் பத்தரைக்குப் போனார்கள், தீர்ந்துபோயிருந்தது. ஒன்பது என்று நான் எழுதியது சும்மா அழகுக்கு இல்லை. சைனா ஹவுஸில் கேக் சாப்பிட்டுவிட்டு, "அண்ணா, செங்கல் இல்லை, அது அஸ்திவாரம்" என்று செய்தி அனுப்பினார்.

மாலை லெபோ குயின் மாரியம்மன் கோயிலிலிருந்து வெளியே வரும்போது, நான் ஜார்ஜ் டவுனுக்குள் குறைவு என்று எழுதிய ரொட்டி மோட்டார் எதிரிலேயே நின்றிருக்கிறது. அந்தப் பெண் நேராகப் போய் நான் சொல்லிக்கொடுத்த மலாயை ஒப்பித்திருக்கிறார், "டாலாம் அடுனான்" வரைக்கும் சரியாக. ரொட்டிக்காரர் பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு, "எந்த ஊர்மா நீங்க?" என்று கேட்டாராம். தேங்காய் பன்னில் முட்டை இல்லை என்று அவரே பிரித்துக் காட்டினார். நாலு வாங்கினார்கள், நான் போய்ச் சேருவதற்குள் ஒன்றுதான் மிச்சம்.

அப்புறம் டிரான்ஸ்ஃபர் சாலையில் முழு ரொட்டி வாங்கி எங்கள் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். அம்மா பருப்புக் கறி வைத்திருந்தார், கத்திரிக்காய் போட்டு. அந்தப் பெண் முதலில் ரொட்டியை ஓரமாகக் கிள்ளிக் கிள்ளித் தொட்டுக்கொண்டிருந்தார். அம்மா பார்த்துவிட்டு, ஒரு கனத்த துண்டை எடுத்துக் கறிக்குள்ளேயே முக்கி, தட்டில் போட்டு, "இப்படி ஊற வச்சாத்தான்மா" என்றார். அதற்கப்புறம் பேச்சு இல்லை. முக்கால் ரொட்டி போயிற்று.

ஜூன் 21, காலை 6.50

இன்னொரு திருத்தம். தாவ் சார் பியா டப்பாவைப் பெட்டிக்குள் போடாதீர்கள், கையில் எடுத்துப் போங்கள். நான் சொல்ல மறந்தேன், தம்பி பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட்டார். அடுக்கடுக்கான ஓடு என்று நான் வர்ணித்ததெல்லாம் கோவையில் தூளாகத்தான் இறங்கும்.

ஜூலை 12, இரவு 9.30

கோவையிலிருந்து வந்த உறவினர் ஒருவரிடம் தம்பி ஊட்டி வர்க்கி கொடுத்தனுப்பினார். பெட்டிக்குள் போட்டுத்தான் அனுப்பியிருக்கிறார், பழிக்குப் பழி. பாதி தூள். தூளைக் கோப்பி ஓவில், அதாவது பால் இல்லாத காபியில், கொட்டிக் கரண்டியால் தின்றேன், முழுசாக இருந்த ஆறில் மனைவி நாலை எடுத்துக்கொண்டார். அடுக்கு நம்ம சுருட்டுப் போலவேதான், ஆனால் விறைப்பு வேறு, கடித்தால் அடுத்த வீட்டுக்குக் கேட்கிறது. ஒரு வாரம் பயணம் செய்தும் தொய்யவில்லை. இங்கே டப்பாவைத் திறந்து வைத்தேன், மறுநாள் காலைக்குள் தொய்ந்துவிட்டது. உங்கள் நண்பரிடம் சொல்லுங்கள், வர்க்கி விஷயத்தில் அவர் சொன்னது சரி. பிரெட் விஷயத்தில் மூன்று மணிக்கு வரச் சொல்லுங்கள்.